பத்தொன்பதே நாளில் வந்த பன்னிரண்டு வார ரிப்போர்ட்

இன்று காலை நான் செய்த க்ரீமில் நாற்பதாவது ஜாரையும் திறந்து பார்த்துவிட்டேன். அதிலும் மூடிக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள். வயிறு எரிகிற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. மூலிகை க்ரீம் செய்து விற்க நினைப்பவர்கள் ஏமாறாமல் இருக்க ஐந்தாறு விஷயங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது கற்றாழைச் சாறும் காலண்டுலா பூ ஊறிய எண்ணெயும் சேர்த்த க்ரீம். முக்கால்வாசி தண்ணீர்தான், அதனால் கிருமி வராமல் காப்பது பெரிய வேலை. ஸ்டெபிலிட்டி டெஸ்ட்டை, அதாவது க்ரீம் நாள்பட்டாலும் கெடாமல் இருக்குமா என்ற சோதனையை, லேபில் செய்து தருவதாகச் சொல்லும் ஓர் இணையதளத்தில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம்.

போனில் பேசியவரிடம் நான் விழுந்த இடம் எது தெரியுமா? என் ஃபார்முலாவைப் பார்த்ததுமே, "பிஎச் 6.2 வைத்துக்கொண்டு சோடியம் பென்சோயேட் போட்டால் அது சும்மாதான் கிடக்கும், 5க்குக் கீழே இறக்குங்கள்" என்றார். பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்; சோடியம் பென்சோயேட் கிருமியைத் தடுக்கப் போடுவது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வைட்டமின் ஈ என்பது எண்ணெயைக் கெடாமல்தான் காக்கும், பூஞ்சையைத் தடுக்காது என்றும் அவரே சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். 4.8க்கு இறக்கி, இருபது ஜார் அனுப்பி, மூன்று மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கட்டினேன். 45 டிகிரியில் 12 வாரம், உறையவைத்து உருக்கும் சுற்றுகள், கிருமிகளை வேண்டுமென்றே கலந்து 28 நாள் பார்க்கும் சேலஞ்ச் டெஸ்ட், எல்லாம் அந்தப் பேக்கேஜில் உண்டு.

பத்தொன்பதாவது நாள் ரிப்போர்ட் வந்தது. எல்லாமே 'பாஸ்'. சந்தோஷத்தில் தேதியை எண்ணவில்லை. அது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். 200 ஜார் செய்தேன்.

ஆறாவது வாரம் ஒரு ஜாரில் அடியில் தண்ணீர் பிரிந்தது. அப்புறம் வாடை, அப்புறம் புள்ளி. பிஎச் பார்த்தால் 5.7. பென்சோயேட்டில் கிருமியோடு சண்டை போடுவது அமில வடிவம் மட்டும்தான். 4.8ல் அது ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், 5.7ல் சுமார் 3 சதவீதம். வாரா வாரம் ஒருவர் பிஎச் மீட்டரை நனைத்திருந்தாலே இது தெரிந்திருக்கும். ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்தேன். பன்னிரண்டு வாரத்துக்கும் பன்னிரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் 4.8. கீழே 28ஆம் நாள் கிருமி எண்ணிக்கை. ஜார் அவர்கள் கைக்குப் போய் 19 நாள்தான் ஆகியிருந்தது!

கேட்டேன். "இது ஆக்ஸிலரேட்டட் (வேகப்படுத்திய) டெஸ்ட் மேடம், அதனால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார்கள். சூட்டில் வைத்தால் மாற்றம் வேகமாக வரும், சரி. காலண்டருமா வேகமாக ஓடும்? அடுத்த முறை, ஈர விரலை விட்டிருப்பீர்கள் என்றார்கள். சீல் உடைக்காத ஜாரின் படம் அனுப்பினேன். "டெக்னிக்கல் டீம் பார்க்கிறது." பதினோரு நாள் கழித்துப் புகாரை மூடிவிட்டதாக ஒரு மெயில். போன் எடுப்பதில்லை. ரீஃபண்ட் கிடையாதாம், ஏனென்றால் 'சேவை வழங்கப்பட்டுவிட்டது'. மூன்று மாதச் சம்பளம்! செய்த 200 ஜாரின் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

சொல்வதாகச் சொன்ன விஷயங்கள்: ரிப்போர்ட்டில் தேதியை எண்ணுங்கள். பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். வாராந்திர அளவுகளை அந்தந்த வாரமே கேளுங்கள், எல்லா வாரமும் ஒரே எண் என்றால் சந்தேகப்படுங்கள். அதே பேட்ச்சில் நாலு ஜாரை நீங்களும் வைத்துப் பாருங்கள். மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன். வாங்கிய அறுபது பேருக்கும் க்ரீமைப் பூசாதீர்கள் என்று இப்போதே சொல்லியாக வேண்டும்.