பிக்அப் பிரேக்: சத்தம் ஒரு கதை, நடுக்கம் இன்னொரு கதை

என் பிக்அப் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. விடியுமுன் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் போட்ட மீன் பெட்டி ஏற்றுவேன்; மீன்பாடு இல்லாத நாளில் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட். மீன் லோடு வண்டிக்கடியில் உப்புத் தண்ணியை ஒழுகவிடும், ரப்பர் லோடு ஏற்ற இறக்கத்தில் பிரேக்கைக் காய்ச்சி எடுக்கும். முன்னால் டிஸ்க், அதாவது வீலோடு சுற்றும் இரும்புத் தட்டு; இரண்டு பக்கமும் பேட் அமுக்கிப் பிடிக்கும். பின்னால் டிரம், சுற்றும் உருளை; உள்ளிருந்து லைனர் விரிந்து பிடிக்கும். இன்ஜினைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, நல்லபடியாக ஓடுது. பிரேக்கைப் பற்றித்தான் பேச்சு.

காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் கரகரவென்று கேட்கும். கடலோரம் வண்டி நிறுத்துகிற எல்லாருக்கும் பழகிய சத்தம். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் ஏறிய துரு, பேட் உரசியதும் போய்விடும். நாள் முழுக்கக் கீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் சூட்டில் அதன் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கிப் போயிருக்கலாம். இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் மட்டும் வண்டியை அங்கேயே ஓரங்கட்டணும்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது நடுக்கம். லோடோடு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இறங்கும்போது அறுபதில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் துடிக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றினார்கள், பிறகு டிஸ்க்கை லேத்தில் கடைந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச காலம் சுகம், பிறகு பழைய ஆட்டம். கடைசியில் டிஸ்க்கையே மாற்றச் சொன்னார்கள்.

செலவு செய்யுமுன் தக்கலைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். “ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதாண்ணு மொதல்ல சொல்லு மக்கா” என்றார். ஸ்டியரிங் என்றால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட்டும் பெடலும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கும். சந்தேகம் தீர, ஆளில்லாத நேர் ரோட்டில் மெதுவாகப் போய், பட்டனை அமுக்கியபடியே ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் இழுக்கச் சொன்னார். அது பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். ஆட்டம் வரவில்லை, அப்போ கோளாறு முன் டிஸ்க்கில்தான். பிரேக் தொடாமலேயே ஆடினால் டயரையும் வீல் பேலன்ஸையும் பார்க்கணுமாம்.

டிஸ்க்கைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. டிஸ்க்கும் வீலும் உட்காரும் நடுப்பகுதியான ஹப் முகத்தில் துரு ஏறி, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. அதன்மேல் மாட்டினால் லேத்தில் எவ்வளவு நேராகக் கடைந்தாலும் டிஸ்க் கோணலாகத்தான் சுற்றும். கோணலை அளக்கும் டயல் கேஜில் முள் 0.1 மில்லிமீட்டரை லேசாகத் தாண்டி ஆடினது. கோணல் டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் சுற்றுக்கு ஒரு தடவை அதே இடத்தில் பேடை உரசும். ஓட ஓட அங்கே டிஸ்க்கின் தடிமன் மாறும், அப்புறம்தான் நடுக்கம் வரும். சரிசெய்த கையோடு நல்லாயிருந்து பிறகு திரும்பி வந்ததன் ரகசியம் இதுதான்.

கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்தார், டிஸ்க்கை மறுபடி கடைந்து மாட்டி அளந்தார், முள் கிட்டத்தட்ட அசையவில்லை. டிஸ்க்கில் அச்சிட்ட குறைந்தபட்ச தடிமனுக்கு மேல் இன்னும் இருந்ததால் புதுசு தேவைப்படவில்லை. பேடை அமுக்கும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) ஒன்று இறுகி, உள்பக்க பேட் மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் போட்டு ஓட்டம் வரவைத்தார். சாதா கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டை வெறியோடு முறுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக்குமாம். இப்போது எதிரெதிர் நட்டாக, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் முறுக்கச் சொல்கிறேன். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அதன்பிறகு இரண்டு மழைக்காலமும் போய்விட்டது, ஸ்டியரிங் ஆடவில்லை. துறைமுகத்திலிருந்து வந்ததும் அடிப்பாகத்தில் நல்ல தண்ணி அடிக்கிறேன். இறக்கம் இறங்கிய சூட்டோடு மட்டும் அடிப்பதில்லை. பேச்சிப்பாறை ரோட்டில் லோடோடு இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும் என்பதால் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

பின் டிரம்மில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு முனகல் மிச்சமிருக்கு. திறந்து தூசி கழுவினால் கொஞ்ச நாள் அடங்குது. அடுத்து லைனர் மாற்றும்போது டிரம்மையும் அளந்து பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக்.