ஆல்பத்தைச் சொல்லாமல் வெளியிடுவதா, சொல்லி வைத்து வெளியிடுவதா?

2013 டிசம்பர் 13 அன்று 14 பாட்டு, 17 வீடியோவோடு ஒரு முழு ஆல்பத்தைச் சத்தமில்லாமல் ஐட்யூன்ஸ் இணையக் கடையில் இறக்கினார் அமெரிக்கப் பாடகி பியான்சே. டீசர் இல்லை, பேட்டி இல்லை. விமர்சனம் வருவதற்கு முன்பே ரசிகர்கள் கேட்டுவிட்டார்கள்.

இன்னொரு அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பெரும்பாலும் நேர்மாறு. 'மிட்நைட்ஸ்' வருவதை 2022 ஆகஸ்டில் விருது மேடையிலேயே சொன்னார்; ஆல்பம் வந்தது அக்டோபரில். இடையில் லாட்டரிக் கூண்டைச் சுழற்றி, விழும் பந்தின் எண்ணுக்குரிய பாட்டின் பெயரை டிக்டாக்கில் ஒவ்வொன்றாக அறிவித்தார். பாட்டே வராமல் இத்தனை பரபரப்பா என்று எரிச்சலாகவும் இருந்தது, விடாமல் பார்க்கவும் வைத்தது.

சரி, கிராமி இசை விருது எந்தப் பக்கம்? 'மிட்நைட்ஸ்' 2024இல் ஆண்டின் சிறந்த ஆல்பமானது. பியான்சேயின் அந்த ஆல்பமோ 2015இல் பாடகர் பெக்கின் ஆல்பத்திடம் தோற்றது. ஆனால் ஒரு நாள்கூட அவகாசம் தராமல் 2020இல் ஸ்விஃப்ட் விட்ட 'ஃபோக்லோர்' வென்றது. பியான்சேக்கு அந்த விருது 2025இல்தான் கிடைத்தது, அதுவும் முன்கூட்டியே அறிவித்து வந்த 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்துக்கு.

கேட்பவனாக எனக்குத் திடீர் வழிதான் பிடிக்கும். புதுமுகம் யாரும் அதை முயல வேண்டாம். பெயர் தெரியாதவர் சொல்லாமல் விட்டால், பாட்டு வந்ததே யாருக்கும் தெரியாது.