தருமபுரியில் படம் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

'பொன்னியின் செல்வன் 2' நன்றாக இல்லை என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் சொன்னார்கள். அதில் பாதிப் பழி படத்துக்குப் போகக் கூடாது, தருமபுரி டவுனில் நாங்கள் அதைப் பார்த்த தியேட்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே போன வாரம் வேறு படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளும் அதே குறையைச் சொன்னதால்தான் இந்தப் பதிவு.

நான் தையல்கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஜாக்கெட், ஆரி வேலை, இதுதான் பிழைப்பு. 2023 ஏப்ரல் 28 அன்று படம் வந்தது. அந்த வாரமே கடைப் பெண்கள், நாத்தனார், பெரியப்பா எல்லோருமாகப் போனோம். ஏகா லக்கானி வடிவமைத்த உடைகளைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும், குந்தவையின் மேலாடை எங்கே மடிகிறது, நந்தினியின் துணியில் கரை எப்படி விழுகிறது என்று கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு அவ்வளவு ஆசை.

கிடைத்தது இருட்டு. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் இடம்தான் இந்தக் காதல் கதையின் உயிர். அந்த இடத்தில் எங்களுக்கு விக்ரமின் கண்ணும் ஐஸ்வர்யா ராயின் பாதி முகமும்தான் தெரிந்தன. உடுத்தியிருப்பது பட்டா வேறு துணியா என்று துணியோடே வாழ்கிற எங்களாலேயே சொல்ல முடியவில்லை. சிவப்பெல்லாம் பழைய ரத்தக்கறை போலப் பழுப்படித்தது. பாட்டும் முரசும் காதைக் கிழித்தன, பேச்சு மட்டும் முணுமுணுப்பு. இடைவேளையில் போய்க் கேட்டதற்கு, "மணிரத்னம் படம்னா அப்படித்தாம்மா, இருட்டாத்தான் இருக்கும், மெதுவாத்தான் பேசுவாங்க" என்று பதில். டிக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கியதையும் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

அப்புறம் வீட்டில் பெரிய சண்டை. பெரியப்பா ஐந்து பாகத்தையும் படித்தவர். மணிமேகலை எங்கே, சேந்தன் அமுதனுக்கு நாவலில் இருந்த முடிவு எங்கே என்று கொதித்தார். அது நியாயமான கருத்து, நாவலை நேசித்தவர் அப்படித்தான் பேசுவார். கதை படிக்காத கடைப் பெண்கள், இந்தக் காதலுக்காக ஒருவன் ராஜ்ஜியத்தையே விடுவானா என்று கேட்டார்கள். அதுவும் கருத்துதான். ஓசூரில் பார்த்த என் தங்கை மட்டும் அழுதுகொண்டே வெளியே வந்ததாகப் போனில் சொன்னாள். தீவில் வந்தியத்தேவன் கண்கட்டோடு நிற்க, குந்தவை வந்து பேசுவதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. எங்களில் ஒருவருக்கும் அந்தக் காட்சி முழுசாக நினைவில் இல்லை. என்னடா இது என்று கணக்குப் போட்டால், படத்தின் நீளம் 2 மணி 44 நிமிடம். நாங்கள் விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்தே இரண்டரை மணி நேரத்துக்குள் வெளியே வந்து பஸ் பிடித்திருந்தோம். ஒரு ஷோ கூடுதலாக ஓட்டுவதற்காகப் படத்தை நடுவில் தாண்டி ஓட்டியிருக்கிறார்கள். ஒரே படத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருந்தோம், உண்மையில் தங்கை பார்த்த படமே வேறு.

ஜூன் 2-ல் பிரைமில் வந்ததும் வீட்டு டிவியில் பார்த்தோம். ஜரிகைக் கரை தனியாக, அட்டிகையில் ஒவ்வொரு கல்லும் தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு வசனமும் காதில் விழுந்தது. "இதையா அன்னைக்கு மட்டம்னு சொன்னோம்" என்று கடைப் பெண் ஒருத்தி கேட்டபோது எனக்குத் தியேட்டர்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒளிப்பதிவு செய்த ரவி வர்மனும் இசையமைத்த ரஹ்மானும் உழைத்த உழைப்பு. முதல் பாகத்துக்கு இருவருமே தேசிய விருது வாங்கியவர்கள்.

சேலத்தில் ஆபரேட்டராக இருக்கும் தம்பியின் நண்பர் விளக்கினார். புரொஜெக்டரின் செனான் பல்பு ஆயுள் முடிந்த பிறகும் மாற்றாமல் ஓட்டினால் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். 3டி படம் ஓட்டிய பிறகு அதற்கான லென்ஸைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினாலும் இருட்டடிக்கும். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில்தான் வரும். அது பழுதானால் இசை முழங்கும், பேச்சு மட்டும் அமுங்கிப்போகும். இதெல்லாம் தெரிந்தும் செலவுக்குப் பயந்து விட்டுவைக்கிறவர்கள் உண்டாம்.

பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் ஏறி, பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்துப் படம் பார்க்கிறார்கள். தயவுசெய்து, போகும் முன் படத்தின் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள், அப்போதுதான் மதிப்பார்கள். சரிசெய்யவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தியேட்டர் உரிமம் மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த மாதிரிச் சின்னத் தொகை வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. எதற்குப் போனாலும் டிக்கெட்டைத்தான் முதலில் கேட்பார்கள், அதனால் வாசலில் கிழித்துத் தரும் பாதியைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.