சர்க்கரைவள்ளிக் கொடி: நறுக்குவதா, விடுவதா?

கொடி பாரை, அதாவது நட்ட மண்மேட்டை, மூடிப் படர்ந்ததும் நறுக்கிவிடக் கை அரிக்கும். மேலே இத்தனை தழை எதற்கு, குறைத்தால் சத்து கீழே இறங்காதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரே நாளில் நட்ட இரண்டு பார்களில் ஒன்றை மாதம் ஒருமுறை நறுக்கினேன், மற்றதை விட்டுவிட்டேன். இப்போது நான் நறுக்காத கட்சி.

நறுக்குவதால் கிடைப்பது தெரிந்ததுதான்: கீரை, மாட்டுத் தீவனம், அடுத்த நடவுக்குத் தண்டு.

போவதுதான் கணக்கில் ஏறுவதில்லை. கிழங்கில் சேரும் மாவு மண்ணிலிருந்து வருவதல்ல. இலை வெயிலில் செய்த சர்க்கரைதான் கீழே இறங்கி மாவாகிறது. இலையை வெட்டினால் அந்த வரவு குறையும். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழே கணுவில் புதுத் துளிர் கிளம்பும். அது விரிந்து தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும்வரை செடிக்குச் செலவு. மிச்ச இலைகளின் சர்க்கரை அதற்குப் போகும், போதாவிட்டால் சேர்த்துவைத்த இருப்பிலும் கை வைக்கும். துளிர் தேறி வரும் நேரத்தில் நான் அடுத்த வெட்டைப் போட்டிருக்கிறேன்! தோண்டியபோது இரண்டு பாரிலும் கிழங்கு ஏறத்தாழ அதே எண்ணிக்கை. ஆனால் நறுக்கிய பாரில் பாதிக்கு மேல் விரல் தடிமன்தான். இரண்டே பார், அதுவும் ஒரு போகம். இதைச் சட்டமாகச் சொல்லமாட்டேன்.

தழை மட்டும் மண்டிக் கிழங்கு பிடிக்காமல் போவதும் உண்டு. பெரும்பாலும் தழைச்சத்து மிஞ்சியிருக்கும், அல்லது நிழல் விழும். அதைக் கத்தி தீர்க்காது. கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டால் புரட்டிவிட்டால் போதும்.

வெட்டுவது சரியாக வருவது கடைசியில்தான். தோண்டுவதற்குச் சில நாள் முன்பு கொடியை அறுத்தால் தோல் இறுகும், எடுக்கும்போது உரியாது. உருளைக்கிழங்குக்கு அந்த இடைவெளி சுமார் 2 வாரம்.

மரவள்ளி எனக்கு ஒரு போக அனுபவம்தான். நட்ட தண்டுத் துண்டுக்கு (கரணைக்கு) 2 தளிர் நிறுத்தி மற்றதைக் கிள்ளினேன், கிழங்கு நன்றாகவே பிடித்தது. ஆனால் அது தொடக்கத்திலேயே செய்யும் கழிப்பு, வளர்ந்த தழையை வெட்டுவதோடு சேராது. பீட்ரூட்டில் வெளி இலை ஒன்றிரண்டு பறிக்கலாம், முள்ளங்கியில் அதுவும் வேண்டாம்.

கீரைக்காக இப்போது பார் ஓரத்தில் நாலு செடி தனியாக விட்டிருக்கிறேன். அவற்றின் அடியில் தோண்டிப் பார்ப்பதே இல்லை.