லாய் சீ வோவா, ஷாம் சுங்கா?

கடல் உள்ளே புகுந்த விரிகுடா, அதை ஒட்டிச் சதுப்பு நிலம், குடியானவர்கள் கிளம்பிப்போன ஹக்கா (இடம்பெயர்ந்து வந்து குடியேறிய சீனச் சமூகம்) கிராமம். ஹாங்காங்கில் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் காதில் விழும் பெயர் லாய் சீ வோ. ஷாம் சுங் பற்றி யாராவது சொன்னால்தான் உண்டு. இரண்டுக்கும் போய் வந்தவன் என்ற முறையில் என் ஓட்டு ஷாம் சுங்குக்கு. பார்க்க அதிகம் இருப்பது லாய் சீ வோவில்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஓட்டு மாறாது. காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டு ஊர்களின் பழைய கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். சீனாவை அப்போது ஆண்ட சிங் அரசு கடலோரத்தைக் காலி செய்யச் சொன்ன உத்தரவு 1669இல் விலகியது. அதன்பின் வந்து குடியேறிய ஹக்கா மக்களுக்குச் சமவெளி வயல்கள் கிடைக்கவில்லை, மலையிடுக்கும் விரிகுடா ஓரமும்தான் மிஞ்சின. நெல் போட்டார்கள். 1950, 60களில் நெல் கட்டுப்படியாகாமல் போக, இளைஞர்கள் நகரத்துக்கும், இங்கிலாந்தின் சீன உணவகங்களுக்கும் போய்விட்டார்கள். வீடுகள் பூட்டப்பட்டன.

லாய் சீ வோ மட்டும் அந்தப் பூட்டைத் திறந்திருக்கிறது. 2013இல் ஹாங்காங் பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டத்தில், தரிசாகிக் கிடந்த வயல்களில் மறுபடியும் நெல் விளைந்தது. சுற்றுச்சுவர் சூழ்ந்த கிராமம், வரிசை பிடித்த வீடுகள், பின்னால் பிறை வடிவத்தில், ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையில் வளர்த்துக் காத்த ஃபெங் ஷுய் (சீன வாஸ்து) காடு. கடற்கரைப் பக்கம் அலையாத்திக் காடு. அங்கே ஒரு வகை மரத்தின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளிபோல் மின்னும். வேர்கள் தரைக்கு மேல் பலகை பலகையாக எழும்பி நிற்கும். மரத்துக்கு மரம் தடித்த கொடிகள் ஊஞ்சலாகத் தொங்கும். உட்கார்ந்து படம் எடுக்கக் கை துறுதுறுக்கும், ஆனால் வேண்டாம். ஊருக்குள் ஐந்து விரல் கற்பூர மரம் என்று ஒன்று உண்டு. விரல்போன்ற கிளைகளை எண்ணினால் நான்குதான். ஒரு விரலை ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது வெட்டினார்கள் என்பது ஊரார் சொல்வது. வழிகாட்டியோடு சுற்றினால் இன்னும் பலதும் தெரியவரும் என்று நினைக்கிறேன். நான் தனியாகத்தான் சுற்றினேன்.

ஷாம் சுங்கில் இப்படிப் பலகை வைத்து விளக்க எதுவும் இல்லை. சாய் குங் தீபகற்பத்தின் வடகரையில் இருக்கும் லீ வம்சத்தாரின் ஊர் இது. கடலைத் தடுத்துக் கரை கட்டி, உள்ளே இருந்த நிலத்தை வயலாக்கினார்கள். உழுவதை நிறுத்தியதும் வயல் நன்னீர்ச் சதுப்பாக மாறியது. 1990களின் பிற்பகுதியில் கோல்ஃப் மைதானக் கனவு ஒன்று வந்து, சதுப்பு வடிக்கப்பட்டுப் புல்வெளியானது. மைதானம் வரவில்லை, புல் தங்கிவிட்டது. இன்று கூடாரம் போட வருகிறவர்கள் ரசித்துப் படமெடுக்கும் அந்தப் பச்சை விரிப்பு உண்மையில் ஒரு காயம். 2004இல் அரசு வெளியிட்ட பன்னிரண்டு முன்னுரிமைப் பாதுகாப்பு இடங்களின் பட்டியலில் ஷாம் சுங்கும் உண்டு என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் புல்லில் நடந்தால் வேறு மாதிரி இருக்கிறது.

சதுப்பு அடியோடு போய்விடவில்லை. கரைக்கு உட்புறம் அசையாத உப்பங்கழி ஒன்று கிடக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் போனால் அலையாத்தி வேர்களுக்கு நடுவே, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அதை மேலே தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்க்கலாம். நிழல் பட்டதும் எல்லாம் ஒரே நொடியில் வளைக்குள். அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாகக் கண்ணை நீட்டி எட்டிப்பார்த்துவிட்டு வெளியே வரும். இதிலேயே எனக்கு அரை மணி போனது. வடமேற்கே தண்ணீருக்கு அப்பால் பட் சின் லெங் மலைத்தொடர், தென்மேற்கே மா ஆன் ஷான். சில நாட்களில் மாடுகளும் மேயும். உழவை விட்டவர்கள் அவிழ்த்துவிட்ட மாடுகளின் வாரிசுகள் அவை.

சரி, அந்தக் காரணம்: திரும்பி வருவது.

லாய் சீ வோவுக்கு மா லியு ஷுய் படகுத்துறையிலிருந்து படகு. வார இறுதியிலும் பொது விடுமுறையிலும்தான். காலை 9 மணிக்குக் கிளம்பும், ஒன்றரை மணி நேரப் பயணம், திரும்பும் படகு மாலை மூன்றரைக்கு. போகுமுன் நேரத்தை ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊர் எவ்வளவு பிடித்தாலும், பிடிக்காவிட்டாலும் உங்கள் நேரம் அந்த ஐந்து மணிதான். கொட்டும் மழையானாலும் மதியம் கிளம்ப முடியாது. படகை விட்டால் சாம் ஆ கிராமம் வழியாக வூ காவ் டாங் வரை மலைப்பாதையில் நடக்க வேண்டும். பழகாத காலுக்கு மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் இருட்டிவிடும். இது மனதில் இருப்பதால் இரண்டு மணியிலிருந்தே எல்லோரும் கைக்கடிகாரம் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடியுமுன் பஸ்ஸைப் பற்றிப் பேசுகிற உறவினர்போல.

ஷாம் சுங்குக்குப் படகும் உண்டு, காலும் உண்டு. அதே மா லியு ஷுய்யிலிருந்து தாப் முன் தீவுக்குப் போகும் படகு இங்கே நிற்கும், வார நாட்களிலும். ஷா டின், சாய் குங் இடையே ஓடும் 299எக்ஸ் பஸ்ஸில் ஷுய் லாங் வோவில் இறங்கி, யுங் ஷூ ஓ வழியாக நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். யுங் ஷூ ஓவும் ஹக்கா கிராமம்தான், அலையாத்தியும் உண்டு. அதனால் நடப்பது வீண் இல்லை. மழை வந்தால் திரும்பிவிடலாம், சோம்பல் வந்தால் மாலைப் படகுக்குக் காத்திருக்கலாம், தெம்பு இருந்தால் லாய் சீ சோங் பாறைகள் வரை நீட்டலாம். நேரத்தை நாம் வைத்துக்கொள்ளலாம், படகுக்காரர் இல்லை. திரும்பும் வழியில் யுங் ஷூ ஓவிலிருந்து மேலேறும் சாலை மட்டும் மூச்சு வாங்க வைக்கும். கோடை மழைக்காலத்தில் நான் இந்த வழியில் போனதில்லை, ஆகவே அதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

சாப்பாட்டில் லாய் சீ வோ ஜெயிக்கிறது. விடுமுறை நாளில் ஹக்கா அரிசிக் கொழுக்கட்டை, நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். சைவம் என்றால் எங்கேயும் கட்டுச்சோறே துணை. லாய் சீ வோவில் செல்பேசி எல்லைக்கு அப்பாலுள்ள சீன சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

முதன்முறை ஹாங்காங் வந்து ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிறது என்றால் லாய் சீ வோவுக்கே போங்கள், தடுக்கமாட்டேன். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்து, அவர்களால் அதிகம் நடக்கவும் முடியாது, படகும் ஒத்துக்கொள்ளாது என்றால் இரண்டும் வேண்டாம். ஃபான்லிங் ரயில் நிலையத்தில் 56கே மினிபஸ் ஏறினால் லுக் கெங் வரை கொண்டுவிடும். அங்கேயும் ஹக்கா ஊர், சதுப்பு, எதிரே கொக்குகள் கூடு கட்டும் தீவு. மினிபஸ்ஸில் இருக்கை பதினாறோ பத்தொன்பதோதான், நின்றுகொண்டு போகவும் விடமாட்டார்கள். ஞாயிறு மாலை திரும்பும்போது வரிசையில் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடுங்கள்.