ராம்னியா, சான்டோரமா?

2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவை வீழ்த்த வேண்டும் என்பதில் குடியரசுக் கட்சியினருக்குச் சந்தேகமே இல்லை. யாரை வைத்து என்பதில்தான் இழுபறி. பலரும் கண்வைத்திருந்த ஆளுநர்கள் மிட்ச் டேனியல்ஸும் கிறிஸ் கிறிஸ்டியும் 2011இலேயே கைவிரித்துவிட்டார்கள். களத்தில் நின்றவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்களுக்கு, 2012 பிப்ரவரிக்குப் பிறகு எஞ்சிய உண்மையான தேர்வு, மாசசூசெட்ஸ் முன்னாள் ஆளுநர் மிட் ராம்னியா, பென்சில்வேனியா முன்னாள் செனட்டர் ரிக் சான்டோரமா என்பதுதான்.

பணமும் ஆள்பலமும்
ராம்னி: குறையே இல்லை.
சான்டோரம்: வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், வர்ஜீனியா வாக்குச்சீட்டில் பெயரே இல்லை.

கொள்கை
ராம்னி: மாசசூசெட்ஸ் ஆளுநராக 2006இல் அவர் கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்தான் ஒபாமாவின் சட்டத்துக்கு முன்மாதிரி. அதை வைத்துக்கொண்டே ஒபாமாவின் சட்டத்தை ரத்து செய்வேன் என்று மேடைதோறும் முழங்கினார். கட்சிக்காரர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.
சான்டோரம்: கருக்கலைப்பு எதிர்ப்பில் துளியும் அசையாதவர்.

வெல்லும் திறன்
ராம்னி: ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மாசசூசெட்ஸில் 2002இல் ஆளுநர் தேர்தலில் வென்றவர்.
சான்டோரம்: 2006இல் சொந்த மாநிலமான பென்சில்வேனியாவில் செனட் பதவியை 17 சதவீதப் புள்ளிகளுக்கும் அதிகமான வித்தியாசத்தில் இழந்தவர்.

உழைப்பில் மட்டும் சான்டோரத்தை யாரும் குறைசொல்ல முடியாது. உட்கட்சிப் போட்டியில் முதலில் வாக்களிக்கும் மாநிலமான அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் போனார், பெரும்பாலும் ஆதரவாளர் ஒருவரின் பிக்கப் வண்டியில். முதலில் ராம்னி 8 வாக்குகளில் வென்றதாக அறிவித்தார்கள். பிறகு சான்டோரமே 34 வாக்குகள் முன்னிலை என்றார்கள். அதற்குள் அடுத்த மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது!

நடுநிலையாளர்களை ஈர்ப்பதே முக்கியம் என்றால் ராம்னி. கொள்கைப் பிடிப்பே பெரிது, தோற்றாலும் பரவாயில்லை என்பவர்களுக்குச் சான்டோரம். ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தைத் தாக்குவதையே பிரசாரமாக்க நினைத்தவர்களுக்கு, ராம்னி நிச்சயமாகச் சரிப்பட மாட்டார்.