ரெண்டு தேக்கு சேர், ஒரு பெஞ்சு, மூணு வருசமா ஒரு ‘டொக்’

திருமங்கலத்துல இருக்கிற மாப்ள ஒருத்தன் போன வாரம் போன் போட்டு, வீட்டுல நாலு பழைய தேக்கு சேர் சும்மா கெடக்கு, நீ பண்ணின மாதிரி பெஞ்சாக்கிரலாமான்னு கேட்டான். அவன் கேட்ட அன்னைக்குக் காலைல தான் ஆசாரி அண்ணன் வந்து என் பெஞ்சோட கால மூணாவது தடவையா சரி பண்ணிட்டுப் போயிருந்தாரு. வாயால சொன்னா பாதிய விட்ருவேன், கோவத்துல ஏதாவது தப்பாவும் சொல்லிருவேன், எழுதி அனுப்புறேன்டான்னு சொல்லிட்டேன். அவனுக்கு எழுதுனது தான் இது, மத்தவங்களுக்கும் ஆகும்னு இங்கயே போடுறேன்.

செஞ்ச விதம் வழக்கமா வீடியோல எல்லாம் காட்டுறது தான். பிரம்பு கிழிஞ்ச கை வச்ச சேர் ரெண்டு, உள்பக்கத்துக் கைய ரெண்டையும் அறுத்து எடுத்துட்டு, நடுவுல 10 இஞ்சு விட்டு பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, முன்னாடி ஒரு சட்டம் பின்னாடி ஒரு சட்டம் நீளமா ஓட்டி, மேல 6 இஞ்சு வேப்பம் பலகை மூணு. முடிச்சா நாலடிக்குக் கொஞ்சம் மேல நீளம், மூணு பேர் தாராளமா உக்காரலாம். செல்லூர்ல எங்க வீட்டு வராண்டாவுல மூணு வருசமா கெடக்கு, வெயிலும் சாரலும் பாத்தாச்சு.

இப்ப அந்த டொக்குக்கு வர்றேன்.

யாராவது வந்து இடது ஓரமா உக்காந்தா டொக். எந்திரிச்சா இன்னொரு டொக். பேசிக்கிட்டே ஒரு பக்கமா சாஞ்சா மெதுவா ஒண்ணு. பெருசா ஆடுறதெல்லாம் இல்ல, ஒரு போஸ்ட் கார்ட மடிச்சு சொருகுற அளவுக்கு தான் இடைவெளி, ஆனா அந்தச் சத்தம் ராத்திரி உள் ரூம் வரைக்கும் கேக்கும். அப்பா விடிய நாலரைக்கு எந்திரிச்சு வராண்டாவுல போய் உக்காருவாரு, அந்த ஒரு டொக்குல எனக்கு முழிப்பு தட்டிரும், மூணு வருசமா அலாரமே வைக்கிறதில்ல.

ஏன் ஆடுதுன்னு புரியவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு. வராண்டா தரை சிகப்பு ரெட் ஆக்சைடு போட்ட பழைய தரை, தண்ணி ஓடுறதுக்குச் சரிவு விட்டிருக்காங்க, அதனால தான் ஆடுதுன்னு நெனச்சேன். அது தப்பு. தரை ஒரே சீரா ஒரு பக்கமா சரிஞ்சிருந்தா பெஞ்சும் அதோட சேந்து சாயும், ஆடாது. எங்க தரை என்னன்னா தண்ணி போற தூம்பு மூலைல இருக்கு, அதப் பாத்து ரெண்டு பக்கத்துல இருந்தும் சரிவு வருது, ஈரத் துணிய பிழியும் போது முறுக்குவோம்ல, தரையே அந்த மாதிரி லேசா முறுக்கி நிக்குது, கண்ணுக்குத் தெரியாது. அதுல மூணு கால் வச்ச முக்காலியப் போட்டா எங்கயும் ஆடாது, மூணு முனை எந்தத் தரையிலயும் உக்காந்திரும். நாலாவது கால் வந்தாலே சந்தேகம். நான் ரெண்டு சேரையும் அப்படியே சேத்ததால என் பெஞ்சுக்கு எட்டு காலு. எட்டும் ஒரே நேரத்துல தரையத் தொடணும்னா கண்ணாடி மாதிரி தரை வேணும். போதாக்கொறைக்கு ரெண்டு சேர்ல ஒண்ணு கால் தேஞ்சு கொஞ்சம் குட்டையா இருந்திருக்கு, சேக்குறதுக்கு முன்னாடி நான் அளந்தே பாக்கல, ஒரே ஜோடி தானேன்னு விட்டுட்டேன்.

அத விடப் பெரிய தப்பு அடுத்து பண்ணினது. ஹால்ல டைல்ஸ் தரை நல்லா சமமா இருக்கேன்னு பெஞ்ச உள்ள தூக்கிட்டு வந்து, ஆடுற கால ஒரு நூல் (அரைக்கா இஞ்சு) அறுக்க, எதுத்த கால் ஆட, அத அறுக்க, மறுபடி இது ஆடன்னு ஒரு சாயங்காலம் முழுக்க அறுத்தேன். கடைசில ஹால்ல கல்லு மாதிரி நின்னுச்சு. அவ்வளவு சந்தோசமா தூக்கிட்டுப் போய் வராண்டாவுல போட்டா டொக். அந்த ஒரு சாயங்காலத்துல 18 இஞ்சு உயரம் 17க்கு வந்திருச்சு. ஒரு இஞ்சு தானேன்னு தோணும், மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு அந்த ஒரு இஞ்சு எம்புட்டு பெருசுன்னு அம்மா எந்திரிக்கும் போது தான் தெரிஞ்சுச்சு, கைய ஊனி, ஒரு மூச்சு வாங்கி, அப்புறம் தான் எந்திரிக்கிறாங்க. அறுத்தத ஒட்ட முடியாது.

பசை விசயத்தையும் சொல்லிர்றேன், ஏன்னா மாப்ள இதுல தான் மொதல்ல மாட்டுவான். தாத்தா காலத்து சேர்ல எல்லாம் வஜ்ரம் போட்டு ஒட்டிருப்பாங்க, மாட்டுத் தோல் எலும்புல இருந்து காய்ச்சுற பசை. துளைக்குள்ள சொருகுற முனை லூசா இருந்துச்சுன்னு நான் அதுக்கு மேலயே ஃபெவிகாலத் தடவி கொட்டாப்புளியால தட்டி உள்ள எறக்கிட்டேன். ஆறு மாசத்துல மூணு இணைப்பு கழண்டு வந்துருச்சு. கழட்டிப் பாத்தா புதுப் பசை ஒரு பிளாஸ்டிக் பேப்பர் மாதிரி முழுசா உரிஞ்சு வருது, அடில பழைய பசை தேன் கலர்ல கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கு. பசை மரத்துக்குள்ள எறங்கணும், பழைய பசை வழிய அடைச்சிருந்தா எங்க எறங்கும்? வெந்நீர்ல துணிய நனைச்சு இணைப்பு மேல சுத்தி கொஞ்ச நேரம் வச்சா வஜ்ரம் ஊறி கொழகொழன்னு ஆயிரும், ஒரு தோல் வாடை வரும், அப்ப உளியோட மொன்னைப் பக்கத்தால சுரண்டுனா சுத்தமா மரம் தெரியும். நல்லா காயவிட்டு, அப்புறம் தான் புதுப் பசை. கிளாம்ப் இல்லாததால தேங்காநார்க் கயிற சுத்திக் கட்டி குச்சிய சொருகி முறுக்கி ஒரு நாள் முழுக்க விட்டேன். அந்த இணைப்பு எல்லாம் இன்னைக்கு வரைக்கும் அசையல.

பலகை வெடிச்ச கதை சின்னது. ஐப்பசி கடைசில, மழை விடாம பேஞ்சிட்டு இருந்தப்ப பலகை வாங்கினேன், ஈரம் பாக்கல. ரெண்டு ஓரத்துலயும் மேல இருந்து ஸ்க்ரூவ இறுக்கி, மூணையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வச்சேன். மரம் நீளத்துல சுருங்காது, அகலத்துல தான் சுருங்கும், ரெண்டு ஓரத்தையும் நான் புடிச்சு வச்சிட்டா அது எங்க போய் சுருங்கும்? அக்கினி நட்சத்திரத்துல ஒரு மத்தியானம் பட்டுன்னு சத்தம், நடுப்பலகை முக்கால் நீளத்துக்குக் கீறல். இப்ப இருக்கிறது ரெண்டாவது செட்டு, நாலு மாசம் நெழல்ல அடுக்கி வச்சுக் காய வச்சது. ஸ்க்ரூ எல்லாம் அடில இருந்து, சட்டத்துல ஓட்டைய நீளவாக்குல போட்டு நகர எடம் விட்டிருக்கு, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு ரூவா காசு நொழையிற சந்து. தண்ணி கொட்டினாலும் வழிஞ்சு போயிருது. இரும்பு ஸ்க்ரூ வேணாம், சாரல்ல துரு எறங்கி மரத்துல கறை ஆயிரும், எவர்சில்வர் ஸ்க்ரூவா கேட்டு வாங்குங்க.

நல்லதையும் சொல்லணும், இல்லைன்னா அந்த பெஞ்சுக்குப் பண்ற துரோகம்.

ரெண்டு சேரோட முதுகுக்கும் நடுவுல அந்த 10 இஞ்சு காலியா விட்டேன்ல, அது நான் யோசிச்சு விட்டதே கெடையாது, சட்டம் அம்புட்டு நீளம் கெடைச்சுச்சு அவ்வளவு தான். சாயங்காலம் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கு ஒரு ஓரம் திரும்பி உக்காந்து, நடுவுல ஈரத்துணிய விரிச்சு மல்லியக் கொட்டி வச்சுக்கிட்டு பூ கட்டுவாங்க. ரெண்டு பேருக்கும் முதுகு சாய எடம் இருக்கு, பூ கை எட்டுற தூரத்துல இருக்கு, குனியவே வேணாம். முன்னாடி தரைல உக்காந்து கட்டுவாங்க, அரைமணி நேரத்துல அம்மாவுக்குக் கால் மரத்துப் போயிரும். இப்ப கரண்டு போனாலும் எந்திரிக்கிறதில்ல, பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும். பலகைச் சந்துல காம்பு எல்லாம் கீழ விழுந்துரும், காலைல கூட்டி அள்ளிரலாம். பெஞ்சு நடுவுல பூ வைக்கிற எடம் மட்டும் ஈரம் பட்டுப் பட்டு கறுத்துப் போய் ஒரு தாம்பாளம் அளவுக்கு வட்டமா இருக்கு. மறுபடி வார்னிஷ் அடிக்கிறேன்னு உப்புத்தாள எடுத்துட்டுப் போனேன், அம்மா அந்த எடத்தத் தொடாதேன்னு சொல்லிட்டாங்க. எனக்கும் தொட மனசு வரல.

பலமும் அப்படித்தான். சித்திரைத் திருவிழாவுக்கு மேலூர்ல இருந்து சித்தப்பா வீட்டு ஆளுங்க வந்தாய்ங்க, அழகர் ஆத்துல எறங்குறதப் பாத்துட்டு வெயில்ல நடந்து வந்து நாலு பேர் ஒண்ணா பொத்துன்னு உக்காந்தாய்ங்க. நாலு பேரும் நல்லா வளந்த ஆளுக. டொக் கேட்டுச்சு, ஆனா ஒரு இணைப்பு கூட முனகல. சித்தப்பா போகும் போது இத எனக்குக் குடு, நான் உனக்குப் புது பெஞ்சு வாங்கித் தர்றேன்னாரு. முடியாதுன்னுட்டேன், யோசிக்கக் கூட இல்ல.

ஆசாரி அண்ணன் பண்ணினது என்னன்னா, நடுவுல இருக்கிற நாலு காலையும் முக்கா இஞ்சு குட்டையாக்கிட்டாரு, அது இனிமே தரையவே தொடாது. பாரத்த சட்டம் தாங்கிக்கும் தம்பி, எட்டு காலும் எதுக்கு உனக்குன்னாரு. அப்புறம் பெஞ்ச அது கெடக்குற எடத்துலயே வச்சு, ஆடாம நிக்கிற வரைக்கும் ஓரக் காலுக்கு அடில சின்னச் சின்ன ஆப்பா சொருகினாரு. இருக்கிறதுலயே பெரிய இடைவெளி எவ்வளவோ அந்த கனத்துக்கு ஒரு மரத்துண்டு, அது மேல பென்சிலப் படுக்க வச்சு, துண்ட தரைல தேச்சுக்கிட்டே நாலு காலையும் சுத்திக் கோடு போட்டாரு. தரைல இருக்கிற மேடு பள்ளம் எல்லாம் அப்படியே கால்ல கோடா ஏறிருச்சு. அந்தக் கோட்டுல அறுத்தா கால் நாலும் அந்தத் தரைக்குன்னே பொறந்த மாதிரி உக்காந்திருச்சு. பத்து நிமிச வேலை. சத்தமே இல்ல. நான் ஒரு சாயங்காலம் முழுக்க ஹால்ல வச்சு அறுத்தேனே, அதையே பெஞ்சு கெடக்குற எடத்துல வச்சு அறுத்திருந்தா ஒரு இஞ்சு போயிருக்காது. இது முதல் தடவை வந்தப்ப பண்ணினது.

ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தேன். அப்புறம் வெள்ளிக்கெழம வராண்டாவக் கழுவ அம்மா பெஞ்ச நகத்திட்டு திருப்பி வச்சாங்க, ரெண்டு இஞ்சு தள்ளி. டொக். அந்த எடத்துக்கு வெட்டின கால் இந்த எடத்துக்கு ஒத்து வராதுல்ல. ரெண்டாவது தடவை ரப்பர் புஷ் போட்டுப் பாத்தாரு, ஒரு காலுக்கு அது நசுங்கி ஓரமா பிதுங்கிருச்சு. மூணாவது தடவை தான் போன வாரம், பழைய எடத்துல சரியா வச்சு, கால் நிக்கிற நாலு எடத்துலயும் தரைல வெள்ளைப் பெயிண்ட்ல மூலை வரஞ்சு விட்டிருக்கோம். அம்மாவும் அப்பாவும் பாத்துப் பாத்து வைக்கிறாங்க. வயசானவங்க ஒரு பெஞ்ச வைக்க குனிஞ்சு கோடு பாக்குறது எனக்குப் புடிக்கல, அத நெனச்சா தான் கோவமே வருது.

அதனால மாப்ள, என் முடிவு இது தான்: பண்ணாத. உன் சேர் நாலும் பிரம்பு தான கிழிஞ்சிருக்கு, காலும் கையும் கெட்டியா தான இருக்கு? பிரம்பு பின்ற ஆள் இன்னும் இருக்காங்க, பின்னி எடுத்து சேராவே வச்சுக்க. ஒரு சேர எங்க வேணா தூக்கிப் போடலாம், ஆடினா அரை அடி நகத்தினா நின்னுரும், பெஞ்சுக்கு அந்த வசதி கெடையாது. தாத்தா உக்காந்த சேரோட கைய அறுக்கும் போது உள்ள இருந்து புதுத் தேக்கு வாசம் வந்துச்சு, அம்புட்டு வருசம் கழிச்சும். இன்னைக்கு ஒரு சேர அப்படி அறுன்னா என்னால அறுக்க முடியாது.

அப்படியும் பண்ணித்தான் ஆவேன்னா ஞாயித்துக்கெழம நான் வர்றேன். அது வரைக்கும் ரம்பத்த எடுக்காத. பெஞ்சு எங்க கெடக்கப் போகுதோ அந்த எடத்துல நாலு சேரையும் வரிசையா போட்டு, ஒவ்வொண்ணோட நாலு மூலையையும் கையால அமுக்கிப் பாரு, எது எங்க ஆடுதுன்னு சுண்ணாம்புல எழுதி வை. வீட்டக் கழுவுறது யாரு, எத்தன நாளைக்கு ஒருக்கன்னும் கேட்டு வை.